அழுக்கா, இயல்பா?

அன்புள்ள பேத்திக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பென்னாகரம் சாலையோரம் பள்ளம் தோண்டிக் கண்ணாடி இழைக் கேபிள் பதிப்பதைப் பார்த்தாயாம். ஊர் ஊராகப் பதித்து முடித்த பொருளில் ஆராய்ச்சி செய்ய இன்னும் என்ன மிச்சம் என்று கேட்டிருக்கிறாய். பிளஸ் டூ முடித்து இயற்பியல் எடுப்பதா வேண்டாமா என்ற உன் யோசனையும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், கண்ணு.

ஒளியையும் கண்ணாடி இழையையும் ஆராயும் இந்தத் துறையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. கருவியில் தெரியும் இந்தத் தொல்லை, பொருளில் கலந்த அழுக்கா, பொருளின் இயல்பா? இதற்குச் சரியான விடை கண்டவர்கள்தான் துறையை முன்னே நகர்த்தியிருக்கிறார்கள்.

1923இல் கொல்கத்தாவில் சி. வி. ராமனிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த கே. ஆர். ராமநாதன், நீருக்குள் சூரிய ஒளியைச் செலுத்தி அது சிதறுவதை வடிகட்டிகள் வைத்துப் பார்த்தார். வரக்கூடாத நிறத்தில் மங்கலான ஒளி ஒன்று தெரிந்தது. நீரில் உள்ள மாசுதான் ஒளிர்கிறது என்று முதலில் நினைத்தார்கள். நீரை மறுபடியும் மறுபடியும் தூய்மைப்படுத்தினார்கள். ஒளி மறையவில்லை. ராமனுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. 1928 தொடக்கத்தில் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணனும் அவரும் பல திரவங்களை எடுத்துச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் அதே மங்கல் ஒளி. அது மாசு அல்ல. மூலக்கூறுகள் அதிர்வதால் ஒளியின் ஒரு சிறு பங்கு நிறம் மாறிச் சிதறுகிறது என்பது பிப்ரவரி 28 அன்று தெளிவாயிற்று. 1930இல் ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அழுக்கு என்று எண்ணியது இயல்பு என்று தெரிய ஐந்து ஆண்டுகள் ஆயின.

இதற்கு நேர் எதிரான கதை இங்கிலாந்தின் ஹார்லோ நகரில் நடந்தது. 1960களில் இருந்த கண்ணாடி இழையில் இருபது மீட்டர் போவதற்குள் ஒளியில் நூற்றில் ஒரு பங்குதான் எஞ்சும். கண்ணாடியின் குணமே அப்படி என்று பலர் விட்டுவிட்டார்கள். அங்கே பணியாற்றிய சார்ல்ஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் இருவரும் 1966இல் அதை மறுத்தார்கள். இழப்புக்குக் காரணம் கண்ணாடி அல்ல, அதில் கலந்துள்ள இரும்பு போன்ற மாசுகள். அவற்றை நீக்கினால் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் அந்த நூற்றில் ஒரு பங்கு போய்ச் சேரும் என்று கணக்கிட்டுக் காட்டினார்கள். 1970இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அந்த எல்லையைத் தாண்டியது. இன்றைய இழையில் ஒரு கிலோமீட்டர் கடந்த பிறகும் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒளி எஞ்சுகிறது. காவுக்கு 2009இல் நோபல் பரிசு வந்தது. இங்கே இயல்பு என்று நினைத்தது அழுக்காக முடிந்தது.

அப்படிப் பாடுபட்டுத் தூய்மையாக்கிய கண்ணாடியில், எது எங்கே வேண்டும் என்று அறிந்து சிலவற்றைத் திரும்பச் சேர்க்கிறார்கள். நம் தருமபுரி மாவட்டத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததும், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் உனக்குத் தெரியும். அந்த ஃபுளோரைடில் உள்ள ஃபுளோரினைத்தான் சில வகை இழைகளின் வெளியுறையில் வேண்டுமென்றே கலக்கிறார்கள். அது ஒளிவிலகல் எண்ணைக் குறைத்து, ஒளி இழையின் நடுப்பகுதியான உள்ளகத்தை விட்டு வெளியேறாமல் காக்கிறது. உள்ளகத்தில் எர்பியம் சேர்த்தால் இழையே ஒளியைப் பெருக்கித் தரும். 1987இல் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழு இதைச் செய்துகாட்டியது. இன்று கடலடிக் கேபிள்கள் இத்தகைய இழைகளின் உதவியோடுதான் கண்டம் விட்டுக் கண்டம் செய்தி சுமக்கின்றன. இட்டெர்பியம் சேர்த்த இழையிலிருந்து வரும் லேசர்தான் ஓசூர், கோவைப் பட்டறைகளில் இரும்புத் தகடு வெட்டுகிறது.

இனி உணரிகள். செய்தி அனுப்பும் பொறியாளருக்கு இழை சூடாவதும் இழுபடுவதும் தொல்லை. உணரி செய்பவருக்கு அந்தத் தொல்லைதான் செய்தி. இழைக்குள் ஒரு லேசர் துடிப்பை அனுப்பினால் வழியெங்கும் நான் முன்பு சொன்ன ராமன் சிதறல் நிகழ்ந்து கொஞ்சம் ஒளி திரும்பி வரும். நிறம் மாறிய அந்த ஒளியின் அளவு, சிதறிய இடத்தின் வெப்பநிலையைச் சொல்லும். கண்ணாடிக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுவதால், திரும்ப எடுத்த நேரம் இடத்தைச் சொல்லும். போய்வர 10 நானோ நொடி என்றால் ஒரு மீட்டர் தூரம். கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், அணு உலைக் குழாய்களில் சோடியம் கசிவதைக் கண்டறிய இந்த முறையைச் சோதித்திருக்கிறார்கள். தண்ணீரில் தெரிந்த அந்த மங்கல் ஒளி இப்போது ஆபத்தை முன்கூட்டிச் சொல்லும் வேலை பார்க்கிறது.

1978இல் கனடாவில் கென் ஹில் குழு, ஜெர்மானியம் கலந்த இழைக்குள் ஆர்கன் லேசரைச் செலுத்தியது. நேரம் ஆக ஆக, மறுமுனைக்குப் போகும் ஒளி குறைந்தது, திரும்பி வருவது கூடியது. இழை கெட்டுவிட்டது என்று அவர்கள் எறிந்துவிடவில்லை. லேசர் தானே இழைக்குள் சீரான இடைவெளியில் வரிகள் கொண்ட ஒரு கீற்றணியை எழுதியிருந்தது தெரியவந்தது. அப்படி எழுதிய பிராக் கீற்றணி ஒரே ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பும். 1,550 நானோமீட்டர் பகுதியில், வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் அந்த நிறம் ஏறத்தாழ 0.01 நானோமீட்டர் நகரும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எஸ். அசோகன் குழு இத்தகைய கீற்றணியைக் கொண்டு மணிக்கட்டு நாடித் துடிப்பையே பதிவு செய்தது.

ஒருவரின் பணிப்பாதை எப்படி இருக்கும் என்றும் கேட்டிருந்தாய். அதே கழகத்தில் இருக்கும் வி. ஆர். சுப்ரதீபாவைப் பார். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, அந்நாட்டிலேயே ஓ.எஃப்.எஸ். ஆய்வகத்தில் பணியாற்றினார். இட்டெர்பியம் லேசரின் ஒளியை ராமன் சிதறலால் படிப்படியாக நிறம் மாற்றி, 1.5 மைக்ரான் பகுதியில் 300 வாட் அளவுக்கு எடுத்துக்காட்டி 2013இல் வெளியிட்டார். பிறகு பெங்களூரு வந்து இழை லேசர்களுக்கென ஆய்வுக்கூடம் அமைத்தார். தருமபுரியிலிருந்து அந்த வளாகம் சில மணி நேரப் பயணம்தான்.

அங்கே போக ஒரே வழி என்று எதுவும் இல்லை. நம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படித்து, ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரியில் மின்னணுவியல் படித்து, கேட் தேர்வு எழுதியும் வரலாம். அதன்பின் முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டுபோல ஆகும். அந்த ஆண்டுகளில் பெரும்பகுதி இழையைச் சீவுவதிலும் ஒட்டவைப்பதிலும் தூசி துடைப்பதிலும் போகும். அந்தக் கை வேலையைச் சிறிதாக எண்ணாதே. இழையின் முனை சுத்தமாக இல்லாவிட்டால் நீ பார்ப்பது இயல்பா, உன் கைத் தூசியா என்று உன்னாலேயே சொல்ல முடியாது.

இதற்கான பயிற்சியை இப்போதே தொடங்கலாம். பள்ளி ஆய்வகத்தில் நிறமாலைமானியும் கீற்றணியும் வைத்து அலைநீளம் அளப்பீர்கள். உன் ரீடிங் புத்தகத்து விடையோடு ஒத்துப்போகவில்லை என்றால் அதை அழித்துத் திருத்தாதே. அப்படியே எழுதி வை. கருவியைச் சரிசெய்து, மறுபடி அளந்து பார். விலகல் மறைந்தால், பிழை எங்கே இருந்தது என்று கற்றுக்கொண்டாய். மறையாமல் நின்றால் ஆசிரியரிடம் கொண்டு போ, ஏன் என்று கேள். அந்த ஏனுக்கு விடை தேடுவதுதான் ஆராய்ச்சி. அதில் உனக்கு ஆசை வருகிறது என்றால் தயங்காமல் இயற்பியல் எடு.

அன்புடன்,
தாத்தா