வரமும் நிபந்தனையும்: 1957இன் இரண்டு திகில் படங்கள்

‘ஃபிராங்கென்ஸ்டைன்’ என்றதும் நம்மில் பலருக்குத் தையல் போட்ட முகத்தோடு கைகளை நீட்டி நடந்துவரும் பூதம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது பூதத்தின் பெயரன்று. அதை உண்டாக்கிய மனிதனின் பெயர். 1818இல் மேரி ஷெல்லி எழுதிய நாவலில் அந்தப் படைப்புக்குப் பெயரே இல்லை. இக்கட்டுரையும் பூதத்தைப் பற்றியதன்று, ஆக்கியவனைப் பற்றியது. இதற்கு 1957இல் சில நாள் இடைவெளியில் வெளிவந்த இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று லண்டனில் வெளிவந்தது. மற்றொன்று நம் பக்கத்துப் படம்.

லண்டனில் ஒரு விஞ்ஞானி

முதலாவது, ஹேமர் நிறுவனம் தயாரித்த ‘தி கர்ஸ் ஆஃப் ஃபிராங்கென்ஸ்டைன்’. இயக்கியவர் டெரன்ஸ் ஃபிஷர். விஞ்ஞானி விக்டராகப் பீட்டர் குஷிங்கும், அவன் உண்டாக்கிய உருவமாகக் கிறிஸ்டோபர் லீயும் நடித்தார்கள். 1931இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட புகழ்பெற்ற ஃபிராங்கென்ஸ்டைன் படம் கறுப்பு வெள்ளை. ஹேமர் அதே கதைக்கு வண்ணம் கொடுத்தது. இரத்தம் சிவப்பாகவே தெரிந்தது.

விக்டரும் அவன் ஆசிரியர் பாலும் இறந்த நாய்க்குட்டி ஒன்றுக்கு உயிர் கொடுத்துவிடுகிறார்கள். இதை மருத்துவ உலகுக்கு அறிவிப்போம், அறுவைச் சிகிச்சைக்குப் பேருதவியாக இருக்கும் என்கிறார் பால். விக்டருக்கு அது போதவில்லை. மனிதனையே செய்ய வேண்டும் என்கிறான். தூக்கில் தொங்கியவனின் உடலைத் திருடி வருகிறான். சிறந்த மூளை தேவைப்பட்டபோது, விருந்தினராக வந்த முதிய பேராசிரியரை மாடியிலிருந்து தள்ளிக் கொல்கிறான்.

சுபாங் ஜெயா எஸ்.எஸ்.15இல் மாணவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு வீட்டில், தம்பி தங்கைகள் சிலரோடு இப்படத்தைப் பார்த்தேன். இரத்தக் காட்சிகளில் அவர்கள் சிரித்தார்கள். இன்றைய கண்ணுக்கு அது வெறும் சாயம். ஆனால் ஒரு காட்சியில் வீடே அமைதியானது. தன்னால் கருவுற்று, தன்னை மிரட்டவும் துணிந்த வேலைக்காரப் பெண்ணை விக்டர் அந்த உருவம் இருக்கும் அறைக்குள் விட்டுப் பூட்டுகிறான். அவள் அலறுகிறாள். அடுத்த காட்சி காலை உணவு மேசை. விக்டர் ரொட்டிக்குத் தடவ ஆரஞ்சுப் பழப்பாகு கேட்கிறான். குரலில் சிறு நடுக்கமும் இல்லை. இப்படத்தின் திகில் அந்த மேசையில்தான் இருக்கிறது.

அமெரிக்கப் படவரிசையில் படத்துக்குப் படம் திரும்பி வந்தது பூதம். ஹேமர் வரிசையிலோ பூதம் மாறிக்கொண்டே இருந்தது. திரும்பத் திரும்ப வந்தவன் விஞ்ஞானி. 1974 வரை ஆறு படங்களில் குஷிங் அந்த வேடத்தை ஏற்றார். உண்மையான பூதம் யார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டியதில்லை.

சிங்கப்பூரில் ஒரு பெண்

அக்காலத்தில் மலாய்ப் படங்களின் தலைமையிடம் சிங்கப்பூர். அவற்றை இயக்கியவர்களில் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். பி. ரம்லியை முதன்முதலாகக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ (1950) படத்தின் இயக்குநர் தமிழரான எல். கிருஷ்ணன் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அவ்வரிசையில் மற்றொருவர் பி. என். ராவ். 1957 ஏப்ரல் இறுதியில், கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக அவர் இயக்கிய ‘பொந்தியானாக்’ திரைக்கு வந்தது. கதாநாயகி மரியா மெனாடோ. வாரக்கணக்கில் ஓடிய இப்படம் மலாய்ப் பேய்ப்பட அலையையே தொடக்கிவைத்தது. இன்று இப்படத்தின் பிரதி கிடைப்பதில்லை. கதைச் சுருக்கம் மட்டும் நம்மிடம் இருக்கிறது.

சோமெல் கூன் விழுந்த, அழகற்ற பெண். மந்திர மருந்துகள் அறிந்த முதியவர் ஒருவரால் வளர்க்கப்பட்டவள். அவர் இறந்தபின் அவர் விட்டுச்சென்ற குறிப்பின்படி மருந்து செய்து குடித்துப் பேரழகியாகிறாள். ஒரே ஒரு நிபந்தனை: இரத்தத்தைச் சுவைக்கக் கூடாது. திருமணமாகிறது, குழந்தை பிறக்கிறது. ஒருநாள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. நஞ்சை உறிஞ்சி எடுக்கும்போது இரத்தம் நாவில் படுகிறது. அவள் பொந்தியானாக் ஆகிறாள்.

ஆய்வுக்கூடம் இல்லை, வெள்ளை அங்கி இல்லை. எனினும் இதுவும் உடலை மாற்றத் துணிந்த ஒரு சோதனையின் கதைதான்.

இரணியன் கேட்ட வரம்

இதே பி. என். ராவ் 1939இல் தமிழில் ‘பிரகலாதா’ என்ற படத்தை இயக்கியவர். அக்கதை நமக்குப் பாடம். மனிதனாலும் விலங்காலும் சாகக் கூடாது, பகலிலும் இரவிலும் சாகக் கூடாது என்று இரணியன் வரம் வாங்குகிறான். பஸ்மாசுரனும் அப்படியே ஒரு வரம் வாங்கித் தன் தலையில் தானே கை வைத்து அழிகிறான். நம் மரபில் ஆற்றல் தனியாக வருவதில்லை. கொடுப்பவர் ஒருவர் இருக்கிறார். வரத்துக்கு ஓர் எல்லையும் இருக்கிறது. சோமெலின் மருந்தும் இந்த மரபைச் சேர்ந்ததே. எல்லையைத் தாண்டும்போதும் அவள் தனக்காகத் தாண்டவில்லை. கணவனின் உயிருக்காகத் தாண்டுகிறாள். அதனால்தான் அவள் கதை நமக்கு இரக்கத்தைத் தருகிறது.

விக்டருக்கு வரம் கொடுத்தவர் யாரும் இல்லை. அறிவை அவனே உழைத்துப் பெற்றான். ஆகவே நிபந்தனை விதிக்கவும் ஆள் இல்லை. “போதும்” என்று சொன்ன ஒரே மனிதர் அவன் ஆசிரியர். அவரையும் அவன் கேட்கவில்லை. புராணக் கதைக்கும் அறிவியல் கதைக்கும் உள்ள வேறுபாடு இதுவே என்பது என் கருத்து. வரத்தின் எல்லையைக் கொடுப்பவர் வைக்கிறார். அறிவின் எல்லையைக் கற்றவனே வைக்க வேண்டும்.

சிட்டியும் நம் படிவங்களும்

2010இல் வந்த ‘எந்திரன்’ படத்தைப் பார்க்காத மாணவர் குறைவு. அதில் சிட்டிக்கு அனுமதி மறுக்கப்படுகிறது. சொன்னதைச் செய்யும், நல்லது கெட்டது அறியாது என்பது காரணம். மறுக்கும் போரா கெட்டவன்தான். ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. பின்னர் தன் படைப்பு தனக்கு அவமானம் தேடித் தந்ததும் வசீகரன் அதை வெட்டிக் குப்பைமேட்டில் போடுகிறார். அங்கிருந்துதான் அழிவு தொடங்குகிறது. ஷெல்லியின் நாவலிலும் விஞ்ஞானியின் பெரும் பிழை உருவாக்கியது மட்டுமன்று, கைவிட்டதும்தான்.

சுபாங் ஜெயாவிலும் பண்டார் சன்வேயிலும் நம் பிள்ளைகள் பலர் மருத்துவமும் உயிரித் தொழில்நுட்பமும் கணினியும் படிக்கிறார்கள். இறுதியாண்டு ஆய்வுக்கு முன் ஆய்வு நெறிக் குழுவின் படிவத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது. மூத்த மாணவரின் படிவத்தை வாங்கிப் பார்த்தெழுதிக் கொடுத்துவிடுவோரும் உண்டு. அன்று படம் முடிந்தபின், செயற்கை நுண்ணறிவில் ஆய்வு செய்யும் ஒரு தங்கை என்னிடம் கேட்டார்: “அண்ணா, என் மென்பொருளுக்காக நாற்பது பேரின் முகத்தைப் படம் எடுத்தேன். ஆய்வு முடிந்ததும் அந்தப் படங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?” அவர் படிவத்தில் அந்தக் கேள்வி இருந்தது, விடையாக ஒரு வரியும் எழுதியிருந்தார். அந்த வரியின் பொருள் அன்றுதான் அவருக்கு உறைத்தது.

அந்தப் படிவம் வெறும் தாளன்று. கடவுள் வந்து நிபந்தனை சொல்லாத உலகில், நாமே நமக்கு எழுதிக்கொள்ளும் நிபந்தனை அது.

கழகக் கூட்டத்தில் கலந்துரையாடச் சில கேள்விகள்:

1. சோமெல், விக்டர், வசீகரன் ஆகிய மூவரில் யார் குற்றம் பெரிது? ஏன்?
2. பால் இன்னும் என்ன செய்திருக்கலாம்? தவற்றைக் கண்டும் உடனிருந்தவருக்குப் பொறுப்பு உண்டா?
3. உங்கள் துறையில் “செய்ய முடியும், ஆனால் செய்யக் கூடாது” என்று நீங்கள் கருதும் ஒன்றைச் சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்விக்கு விடை இல்லாத துறை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.