ஜெட் விமானமும் மண்ணெண்ணெயும்

போர் விமானம் எந்த எண்ணெயில் ஓடுகிறது என்று எங்கள் புத்தலப்பட்டில் கேட்டால், "உயர்ந்த ரகப் பெட்ரோல்" என்றே பலரும் விடை கூறுவர். அது சரியன்று. நம் பாட்டிமார் விளக்கில் ஊற்றிய மண்ணெண்ணெயின் உடன்பிறப்பே ஜெட் விமானத்தின் உணவு.

காரணம் எளிது. கார் எஞ்சினில் பெட்ரோல் விட்டுவிட்டு எரிகிறது; ஒவ்வொரு முறையும் தீப்பொறி வேண்டும். ஜெட் எஞ்சினிலோ, பம்பு ஸ்டவ்வைப் போல, ஒருமுறை பற்றிய தீ தொடர்ந்து எரிகிறது. அழுத்திய காற்றில் எண்ணெய் தூவப்பட்டு எரிய, சூடேறிய வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டுப் பின்னே பாய்கிறது. விமானம் முன்னே செல்கிறது.

அப்படியானால் ஜே.பி.-4, ஜே.பி.-5, ஜே.பி.-8 என்ற வகைகள் ஏன்? ஒரு கிலோ எண்ணெய் தரும் வெப்பத்தில் இவற்றிடையே பெரிய வேற்றுமை இல்லை. வேற்றுமையெல்லாம் முக்கியமாக இரண்டு எண்களில் உள்ளது. ஒன்று, எண்ணெயின் ஆவி தீப்பற்றும் வெப்பநிலை. மற்றொன்று, எண்ணெய் உறையும் வெப்பநிலை.

1951-இல் அமெரிக்க விமானப்படை ஏற்ற ஜே.பி.-4, பெட்ரோல் வகையும் மண்ணெண்ணெயும் கலந்தது. -58 டிகிரி சென்டிகிரேடு வரை உறையாது. கடுங்குளிரிலும் எஞ்சின் எளிதில் கிளம்பும். ஆனால் நீர் உறையும் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். குண்டடிபட்ட விமானத்தில் இது எமனாயிற்று. ஆகவே 1990-களில் அப்படை ஜே.பி.-8-க்கு மாறிவிட்டது. இது பயணிகள் விமானங்களில் ஊற்றும் ஜெட் ஏ-1 எண்ணெயே. பனிக்கட்டி உண்டாகாமலும், துருப்பிடிக்காமலும், மின்பொறி எழாமலும் காக்கும் மூன்று மருந்துகள் சேர்ந்தது. உறைநிலை -47, தீப்பற்றும் நிலை குறைந்தது 38.

இந்த 38 என்னும் எண்ணைச் சற்று எண்ணிப் பாருங்கள். கோடையில் நம் திருப்பதி வட்டாரத்து வெயில் 40-ஐத் தாண்டுவதுண்டு. அப்போது ரேணிகுண்டா விமான நிலையத்தில் நிற்கும் விமானத்தின் தொட்டியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவி திரளலாம். அதே விமானம் 11 கிலோமீட்டர் உயரம் ஏறினால், வெளியே -56 டிகிரிக் குளிர்! ஒரே எண்ணெய் இரண்டையும் தாங்கவேண்டும்.

விமானந்தாங்கிக் கப்பலிலோ எண்ணெய்த் தொட்டிகளும் மாலுமிகள் உறங்கும் அறைகளும் ஒரே உடலுக்குள் உள்ளன. எனவே கப்பலுக்கு ஜே.பி.-5, அதன் தீப்பற்றும் நிலை 60. எல்லோரும் இதையே ஏன் பயன்படுத்தக் கூடாது? கச்சா எண்ணெயிலிருந்து இது குறைவாகவே கிடைக்கும், விலையும் கூடுதல். பாதுகாப்புக்கும் ஒரு விலை உண்டு அல்லவா?

நம் நாட்டிலும் புதுமுயற்சி நடந்துள்ளது. காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டேராடூன் இந்தியப் பெட்ரோலியக் கழகம் உருவாக்கிய எரிபொருளை 10 சதவீதம் கலந்து, 2018 டிசம்பர் 17 அன்று சண்டிகரில் விமானப்படையின் ஏ.என்.-32 பறந்தது. அதன் விசிறிகளைச் சுழற்றுவதும் டர்பைன் எஞ்சின்களே. 2020 ஜனவரியில் அத்தகைய விமானம் லே நகரின் உறைகுளிரிலும் இறங்கி எழுந்தது. ஆடு மாடு கடிக்காததென்று வேலியில் நட்டுவைக்கும் செடியின் எண்ணெய் இமயத்தைத் தாண்டியது! வேதியியலும் பொறியியலும் பயிலும் நண்பர்கள் இத்துறையை ஊன்றிக் கற்க வேண்டுகிறேன்.