திரைச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?
(வகுப்பறைக் கருவிகளும் தோட்டப் பாடமும்)

முன்னுரை

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பது நம் முன்னோர் வாக்கு. ஏட்டில் மட்டும் கற்று மண்ணில் இறங்காதவர்க்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது. இன்றோ வகுப்பறையில் ஏட்டின் பக்கத்தில் திரையும் வந்து நிற்கிறது. விரலால் தொட்டவுடன் சுரை விதை முளைக்கிறது, கொடி படர்கிறது, வெள்ளைப் பூ மலர்கிறது, காய் தொங்குகிறது. ஒரு நிமிடத்தில் எல்லாம் முடிகிறது. மாணவியர் மகிழ்ந்து கை தட்டுகின்றனர். மணி அடிக்கிறது; அடுத்த பாடம் தொடங்கிவிடுகிறது.

இந்தத் திரைச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? உதவாது என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அது நியாயமன்று. கருவியிடம் நாம் வாங்கிக்கொள்ளத்தக்க பணிகள் மூன்று உண்டு. கண் காணாததை அது காட்டும். நினைவு மறப்பதை அது காக்கும். எண்ணிக் களைத்துப் போகும் கணக்கை அது விரைந்து முடிக்கும். இம்மூன்றையும் கருவியிடம் கொடுத்து, விதைத்தல், நீர் ஊற்றுதல், களை எடுத்தல், காத்திருத்தல் ஆகியவற்றை நம் கையில் வைத்துக்கொண்டால் தோட்டப் பாடம் சிறக்கும். கைக்குரிய வேலையையும் கருவியிடமே கொடுத்துவிட்டால், பார்த்ததையே கற்றதாக எண்ணி ஏமாறுவோம்.

கருவி வழிப் பாடம் புதிதன்று

கருவி மூலம் பயிர்த்தொழில் கற்பிப்பது இன்று நேற்றுத் தொடங்கியதன்று. 1960களின் நடுவில் ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் தஞ்சை மாவட்டத்தில் பரவியது. வானொலியின் பண்ணை ஒலிபரப்புகள் அதன் சாகுபடி முறையை எடுத்துச் சொல்லின. உழவர் பெருமக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் சூட்டிவிட்டனர்!

அடுத்து, 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை ஓராண்டுக் காலம், செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களைச் சேர்ந்த 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடங்கள் அனுப்பப்பட்டன. அவற்றுள் வேளாண்மையும் ஒன்று.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாது? வானொலி நெல்லை விளைவிக்கவில்லை. செய்தியைக் கொண்டுவந்து சேர்த்தது. நாற்று விட்டவரும் நட்டவரும் அறுத்தவரும் உழவரே. தம் வயலில் விளைந்து கண்ட பிறகே அவர்கள் அந்த நெல்லை நம்பினர். வகுப்பறைத் திரைக்கும் இவ்விதி பொருந்தும்.

முதற்பணி: காணாததைக் காட்டுதல்

செடி வளர்வதை நாம் கண்ணால் காண்பதில்லை, வளர்ந்திருப்பதையே காண்கிறோம். செடியின் அசைவு அத்துணை மெதுவானது. ஜெர்மானியத் தாவரவியலார் வில்லெம் பெஃபர் 1898 முதல் 1900 வரையிலான காலத்தில், லைப்சிக் நகரில், இடைவெளி விட்டு விட்டுப் படங்கள் எடுத்து அவற்றை விரைவாக ஓட்டிக் காட்டினார். தாவரங்களின் அசைவு திரையில் தெரிந்தது. நம் நாட்டு அறிஞர் ஜெகதீச சந்திர போஸ், செடி நுனியின் அசைவைப் பதினாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' என்னும் கருவியைச் செய்தார். 1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆய்வகமும் நிறுவினார்.

பெஃபர் செய்த வேலையை இன்று ஒரு கைபேசி செய்துவிடும். கண்ணாடிப் பாட்டில் ஒன்றின் உட்புறம் மை ஒற்றுத் தாளைச் சுற்றி வையுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில், இரவு முழுதும் ஊறிய காராமணி விதைகள் நான்கைச் செருகுங்கள். அடியில் சிறிது நீர் நிற்கட்டும். கைபேசியை அசையாமல் நிறுத்தி, அரை மணிக்கு ஒரு படம் எடுக்குமாறு அமையுங்கள். இரவிலும் படம் தெளிவாக விழ, சிறிய விளக்கொன்று எரிய வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நாளொன்றுக்கு 48 படங்கள். ஐந்து நாளில் 240. நொடிக்குப் பத்துப் படங்கள் வீதம் ஓட்டினால் 24 நொடியில் காட்சி முடிந்துவிடும். அந்த 24 நொடியில் எத்தனை அதிசயங்கள்! வேர் முதலில் வெளிவந்து கீழே இறங்குகிறது. அதன் பின்னரே தண்டு எழுகிறது. எழும்போது நிமிர்ந்து எழாமல் கொக்கி போல் வளைந்து, மெல்லிய இளந்தளிரைக் காத்துக்கொண்டே மேலே வருகிறது. வேர் வந்தபின் பாட்டிலைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், வேர் நுனி மீண்டும் வளைந்து கீழ்நோக்கியே செல்வதையும் காணலாம்.

ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அந்த 24 நொடிக்குப் பின்னால் ஐந்து முழு நாட்கள் இருக்கின்றன. பிறர் எடுத்த படத்தை மட்டும் பார்ப்பவளுக்கு அந்த ஐந்து நாள் தெரியாது. தானே விதை ஊறவைத்து, நீர் வற்றாமல் காத்து, நாள்தோறும் வந்து பார்த்தவளுக்கு அந்தப் படம் வெறும் வேடிக்கையன்று. அவள் உழைப்பின் சுருக்கம். படம் ஒன்றே ஆயினும் கல்வி வேறு.

இரண்டாம் பணி: மறப்பதைக் காத்தல்

தோட்டத்தில் நாள்தோறும் நடப்பவை சிறியவை. அவற்றை எழுதி வைக்காவிடில் மறந்துபோகும். எழுதி வைத்தால் என்ன பயன் என்பதற்குத் துறவி ஒருவரின் வாழ்க்கையே சான்று.

அகுஸ்தினார் சபைத் துறவியாகிய கிரகோர் மெண்டல், இன்று செக் நாட்டில் உள்ள புருனோ நகர மடத்தின் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்தார். 1856 முதல் 1863 வரை ஏறத்தாழ 28,000 செடிகளை ஆராய்ந்தார். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்து, இரண்டாம் தலைமுறையில் கிடைத்த விதைகளை எண்ணினார். உருண்டை 5,474, சுருங்கியவை 1,850. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. பாரம்பரியவியல் என்னும் அறிவியல் துறையே இந்த எண்களிலிருந்து பிறந்தது.

அவர் கட்டுரை 1866-இல் அச்சேறியது. அன்று அதன் அருமையை உணர்ந்தோர் இலர். 1884-இல் அவர் மறைந்தார். 1900-இல் தான் உலகம் அதனைக் கண்டெடுத்தது. எண்கள் எழுதப்பட்டிருந்தமையால் அன்றோ அது இயன்றது! மெண்டலிடம் கணிப்பொறி இல்லை, பொறுமை இருந்தது. நம்மிடம் கணிப்பொறி இருக்கிறது. பொறுமையையும் சேர்த்துக்கொள்வதே நம் கடமை.

எனவே ஒவ்வொரு வகுப்பும் தோட்டக் குறிப்பேடு ஒன்று வைத்துக்கொள்ளட்டும். தேதி, மழையளவு, ஊற்றிய நீர், செடியின் உயரம், கண்ட பூச்சி ஆகியவற்றை நாள்தோறும் பாத்தி ஓரத்திலேயே எழுதி, வார இறுதியில் கணிப்பொறி அட்டவணையில் ஏற்றலாம். அட்டவணை நொடியில் வரைபடம் வரைந்து தரும். அதில் கோடு தாழ்ந்திருக்கும் இடத்தைக் காட்டி, "அன்று என்ன நடந்தது?" என்று ஆசிரியை கேட்கும் கேள்வியில்தான் பாடம் தொடங்குகிறது.

மூன்றாம் பணி: எண்ணித் தருதல்

விதைக்கு முன் விதையைச் சோதிக்க வேண்டும். நூறு விதைகளை ஈரத் துணியில் பரப்பிச் சுருட்டி வையுங்கள். முளைத்தவற்றை எண்ணினால் அதுவே முளைப்புத்திறன் விழுக்காடு. எண்பது முளைத்தால், நூறு செடி பெற 125 விதை தேவை என்று கணக்கிடலாம்.

மழை நீருக்கும் எளிய கணக்கு உண்டு. ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர் நீர். மூன்று மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில் 5 மி.மீ. மழை பெய்தால் 15 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் கொள்ளுமானால், வானமே ஒரு குடம் ஊற்றிவிட்டது! கோடையில் தொலைவிலிருந்து குடம் சுமக்கும் நம் தாய்மார்களுக்கு இந்தக் கணக்கின் மதிப்பு நன்கு தெரியும்.

கருவி தடுமாறும் இடம்

இலையைப் படம் எடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் செயலிகள் இன்று கைபேசியில் உள்ளன. அவை பயனுடையவையே. ஆயினும் அவை தடுமாறும் இடத்தை நாம் அறிந்திருக்க வேண்டும்.

வெண்டைச் செடியில் இலை மஞ்சளாகிறது என்று கொள்வோம். அடி இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். நுனி இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். இதற்கு நேர்மாறாக, நரம்புகள் மஞ்சளாகி வலை போல் தெரிந்தால் அது மஞ்சள் நரம்புத் தேமல் நோய். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. அச்செடியைப் பிடுங்கி அழிப்பதே நன்று. பாத்தியில் நீர் தேங்கி வேர் மூச்சு முட்டினாலும் இலை மஞ்சளாகும்.

ஒற்றை இலையின் படத்தைப் பார்க்கும் கருவிக்கு, அந்த இலை அடியில் இருந்ததா நுனியில் இருந்ததா என்பது தெரியாது. நேற்று யார் எத்தனை குடம் ஊற்றினார்கள் என்பதும் தெரியாது. பாத்தியருகே நிற்கும் சிறுமிக்கு அது தெரியும். ஆகவே முதலில் செடி முழுவதையும் பாருங்கள், குறிப்பேட்டைப் புரட்டுங்கள், உங்கள் முடிவை எழுதுங்கள். அதன் பின்னரே செயலியைக் கேளுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் வருந்த வேண்டாம். அன்றுதான் நல்ல பாடம் கிடைக்கும்.

மண்ணின் ஈரம் அளக்கும் கருவியும் இத்தகையதே. அதன் எளிய வகையில் இரண்டு உலோக முட்கள் உண்டு. ஈர மண்ணில் மின்சாரம் எளிதில் பாயும். காய்ந்த மண்ணில் பாயாது. ஆனால் மண்ணில் உப்போ உரமோ மிகுந்திருந்தால், ஈரம் குறைவாக இருக்கும்போதும் கருவி மிகுதியாகக் காட்டிவிடும். ஆதலால் கருவியைச் செருகும் இடத்திலேயே விரலையும் இரண்டு அங்குலம் செருகிப் பாருங்கள். மண் விரலில் ஒட்டினால் ஈரம் உண்டு. உதிர்ந்தால் நீர் தேவை. கருவி சொன்னதையும் விரல் சொன்னதையும் அடுத்தடுத்து எழுதி வந்தால், சில வாரங்களில் உங்கள் விரலே கருவியாகிவிடும்.

ஒரு பருவத்திற்கான திட்டம்

கீழ் வகுப்பினர்க்கு முளைக்கீரை ஏற்றது. பொடி விதையாதலால் மணலுடன் கலந்து தூவ வேண்டும். மூன்று, நான்கு வாரங்களில் பறித்துவிடலாம். மேல் வகுப்பினர்க்கு வெண்டை ஏற்றது. ஏறத்தாழ நாற்பது நாளில் பூத்து, ஐம்பது நாளுக்குள் காய் தரும்.

முதல் வாரம்: முளைப்புச் சோதனை, பாட்டிலில் காராமணி, படம் எடுத்தல்.
இரண்டாம் வாரம்: பாத்தி கட்டுதல், தொழு உரம் இடுதல், விதைத்தல்.
மூன்றாம் வாரம்: வெண்டைப் பாத்திகளுள் ஒன்றுக்குச் சருகு மூடாக்கு; மற்றொன்று வெறுமையாக. பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டிலும் மண்ணின் வெப்பம் அளத்தல்.
நான்காம் வாரம்: கீரை பறித்து நிறுத்தல், சத்துணவுக் கூடத்திற்கோ விடுதிச் சமையலுக்கோ அளித்தல்.
ஐந்தாம் வாரம் முதல்: வெண்டையின் உயரம், பூ, காய் எண்ணுதல், வரைபடம் வரைந்து திரையில் காட்டி வகுப்புக்கு விளக்குதல்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

"கைபேசியைப் பிள்ளைகள் கையில் கொடுப்பதா?" என்று பெற்றோர் தயங்குவது இயல்பே. இப்பாடத்திற்கு ஒவ்வொருவருக்கும் கைபேசி தேவையில்லை. வகுப்புக்கு ஒன்று, அதுவும் ஆசிரியையின் பொறுப்பில் இருந்தால் போதும். இல்லத்தில் தேவைப்படுவது ஒரு பழைய வாளியும் சிறிது மண்ணும் வெயில் விழும் ஓரிடமுமே. உங்கள் மகள் காலையில் எழுந்தவுடன் முதலில் செடியருகே சென்றால், திரை தன் வேலையைச் சரியாகச் செய்திருக்கிறது என்று அறியுங்கள்.

முடிவுரை

மாணவச் செல்வங்களே! திரையில் வாடும் செடி நம்மைக் கேட்பதில்லை. மீண்டும் தொட்டால் முதலிலிருந்து முளைத்துவிடும். பாத்தியில் வாடும் செடி நம்மை நம்பி நிற்கிறது. சனியும் ஞாயிறும் அதற்கும் தாகம் உண்டு. அந்த நம்பிக்கைக்கு ஈடு கொடுக்கும் பொறுப்புணர்வை எந்தக் கருவியும் கற்றுத் தருவதில்லை. அதை மண் கற்றுத் தரும். கருவியைத் துணையாகக் கொள்வோம், கையால் வளர்ப்போம். அப்போது திரைச் சுரைக்காயும் கறிக்கு வழிகாட்டும்.

செய்து பார்க்க

1. உங்கள் வீட்டில் உள்ள பயறு ஒன்றின் முளைப்புத்திறனைக் கண்டுபிடியுங்கள்.
2. நான்கு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள பாத்தியில் 8 மி.மீ. மழை பெய்தால் எத்தனை லிட்டர் நீர் கிடைக்கும்?
3. அரை மணிக்குப் பதிலாகக் கால் மணிக்கு ஒரு படம் எடுத்தால், ஐந்து நாளில் எத்தனை படங்கள்? அதே வேகத்தில் காட்சி எவ்வளவு நேரம் ஓடும்?
4. மஞ்சளான இலை ஒன்றைக் கண்டால், செயலியைக் கேட்பதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியவை யாவை?
5. மூடாக்கு இட்ட பாத்தியில் நீர்த் தேவை ஏன் குறைகிறது? உங்கள் குறிப்பேட்டு எண்களைக் கொண்டு விளக்குங்கள்.