மணல் ஊறுமா?

"ஆத்து மணல் ஊறும் சார். எவ்வளவு அள்ளினாலும் அடுத்த வெள்ளத்துல திரும்ப வந்துடும்." கரூரிலிருந்து கும்பகோணம் வரை காவிரிக் கரையில் எங்கே நின்றாலும் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. லாரி ஓட்டுபவர் சொன்னால் பிழைப்புக்காகச் சொல்கிறார் என்று விடலாம். படித்தவர்களும் சொல்கிறார்களே! மணல் ஊறாது. படுகையில் ஊறுவது தண்ணீர். அதுவும் மணல் இருந்தால்தான்.

மணலுக்குத் தாய் பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. மைசூர்ப் பீடபூமியின் நைஸ் பாறை விரிசல்களில் அது இறங்கி, ஃபெல்ட்ஸ்பாரைக் களிமண்ணாக்குகிறது. பிடிப்பு தளர்ந்ததும், அமிலத்துக்கு எளிதில் மசியாத குவார்ட்ஸ் மணிமணியாக உதிர்கிறது. நாம் அள்ளும் மணலில் பெரும்பங்கு அதுதான். கிரானைட் போன்ற பாறை இப்படி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தேய ஆயிரம் ஆண்டுகள்கூட ஆகும்.

பரந்த நிலத்தில் உதிர்ந்ததை எல்லாம் ஆறு கூட்டிக்கொண்டு வருமே என்பார்கள். வந்தது, ஒரு காலத்தில். 1934இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தது. ஓட்டம் நின்ற நீர் மணலைச் சுமக்காது. மேலிருந்து வருவது நீர்த்தேக்கத்திலேயே படிந்துவிடுகிறது. கீழே வந்து சேரும் பவானிக்கும் அமராவதிக்கும் அணைகள் உண்டு. பிறகு எந்த வெள்ளம் எதைக் கொண்டுவரும்?

"குழி நிரம்பியதைக் கண்ணால் பார்த்தேன்" என்பவருக்கும் பதில் உண்டு. நிரம்பியது புது மணலால் அல்ல, மேற்புறப் படுகை சரிந்து விழுந்ததால். சரிவு அப்படியே மேல்நோக்கி நகரும். வழியில் பாலம் இருந்தால் அதன் தூண்களின் அடியைத் தோண்டும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் திருச்சியில் பழைய கொள்ளிடப் பாலத்தின் தூண்கள் விழுந்தன. பாலத்தின் வயதும் வெள்ளத்தின் வேகமும் காரணங்கள்தான். ஆனால் தூண்களை இறுகப் பிடித்திருக்க வேண்டிய மணலைப் பற்றிப் பேசாமல் அந்தக் கணக்கை முடிக்க முடியாது.

மணலைப் பற்றிய மற்றக் கேள்விகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டாம். கடல் மணல் வீட்டுக்கு ஆகுமா? உப்பை முழுதாக நீக்காவிட்டால் கம்பி துருப்பிடிக்கும். எம்-சாண்ட் போலி மணலா? பாறையை இயந்திரம் உடைத்தது, அவ்வளவுதான். தரம் பார்த்து வாங்குங்கள். வெயில் மட்டுமே பாறையை உடைக்கிறதா? 1936இல் கிரிக்ஸ் என்ற அமெரிக்கர் கிரானைட்டை ஆயிரக்கணக்கான முறை சூடாக்கிக் குளிர்வித்துப் பார்த்தார். உலர்ந்த கல்லில் மாற்றம் தெரியவில்லை. தண்ணீர் தெளித்த பிறகே சிதைந்தது.

பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாறைச் சிதைவைப் பாடப்புத்தகப் படத்தோடு முடிக்காதீர்கள். பிள்ளைகளை அருகிலுள்ள கரட்டுக்கு அழைத்துப் போங்கள். உளுத்த பாறையை விரலால் நிமிண்டி உதிர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆற்றுப்படுகை மட்டத்தை ஆண்டுதோறும் பாலத் தூணில் குறித்து வைக்கவும் பழக்குங்கள். அடுத்த முறை யாராவது மணல் ஊறும் என்றால், அந்தக் குறியைக் காட்டிப் பதில் சொல்லட்டும்.