இரண்டு முங்கா, ஒரு கட்டா?
பகடை விளையாட்டின் வழியே நிகழ்தகவு

ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் நிகழ்தகவுப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் அனைவரும் கண்டிருக்கும் ஒன்று உண்டு. ஒரு பகடையை உருட்டினால் 1 விழுவதற்கான நிகழ்தகவு என்ன என்று கேட்டால் 1/6 என்று வகுப்பே சொல்லும். அந்த 1/6-ஐ வைத்துக்கொண்டு என்ன முடிவு எடுக்கலாம் என்று கேட்டால் அமைதி நிலவும். விடை பின்னத்தோடு நின்றுவிடுகிறது. முடிவு எடுப்பதற்காகவே நிகழ்தகவைக் கற்கிறோம் என்பதை மாணவர்கள் உணர, எங்கள் தூத்துக்குடிக் கடலிலிருந்தே ஒரு விளையாட்டை உருவாக்கினேன்.

கடல்கட்டி

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுறாக்கள் அண்டாதபடி மந்திரம் சொல்லிக் கடலைக் 'கட்டும்' ஒருவர் இருந்தார். அவருக்குக் கடல்கட்டி என்று பெயர். அவர் வராவிட்டால் குளிப்பவர்கள் கடலில் இறங்கத் தயங்கினர். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோவும் இதைக் குறிப்பிடுகிறார். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு மந்திரம் சொல்பவருக்குப் போனது. கட்டு பகலுக்கு மட்டுமே. இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள். "இரவில் ஏன் அவிழ்க்க வேண்டும்?" என்று வகுப்பில் கேட்டேன். "ராத்திரி யாரும் திருட்டுத்தனமா முங்கக் கூடாதுன்னுதான் டீச்சர்" என்று உடனே பதில் வந்தது.

தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. அதன் பிறகு அந்தக் காட்சியை இங்கு யாரும் காணவில்லை.

முதல் விதியும் அதன் தவறும்

ஒரு பகடை, சிப்பிகளுக்குப் பதிலாகப் புளியங்கொட்டைகள், குழுவுக்கு இருவர் அல்லது மூவர் போதும். ஓர் ஆட்டத்துக்கு ஐந்து முறைகள். ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை முங்கலாம். முங்குவது என்றால் பகடை உருட்டுவது. 2 முதல் 6 வரை எது விழுந்தாலும் அத்தனை சிப்பிகள் படகில் சேரும். 1 விழுந்தால் சுறா வந்துவிட்டது என்று பொருள். அதுவரை படகில் சேர்ந்த அனைத்தும் போய்விடும், அந்த முறையும் அத்தோடு முடியும். 'கட்டு' போட்டிருந்தால் 1 விழுந்தாலும் இழப்பில்லை, ஒரு சிப்பி கிடைக்கும். கட்டு அந்த ஒரு முறைக்கு மட்டும் செல்லும்.

முதல் நாள் நான் செய்த தவறு, இரண்டு முங்குகளோடு கட்டையும் இலவசமாகக் கொடுத்ததுதான். எல்லாக் குழுக்களும் ஒவ்வொரு முறையும் கட்டுப் போட்டன. யோசிக்க எதுவும் இல்லாததால் பத்து நிமிடத்தில் வகுப்பு சலித்துவிட்டது.

1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டிலும் இதே சிக்கல் உண்டு. அதில் தேர்ந்த போர்வீரன் தன் முறையில் இரண்டு முறை வாள் வீசலாம். மந்திரம் சொல்வதென்றால் பெரும்பாலும் அந்த முறையின் முழுச் செயலும் அதற்கே செலவாகிவிடும். வாளும் மந்திரமும் கற்ற வீரன் என்ன செய்வான்? 2024-இல் வந்த திருத்திய விதிநூல் அத்தகைய ஒரு வகை வீரனுக்கு வழி சொல்கிறது. இரண்டு வீச்சில் ஒன்றை விட்டுக்கொடுத்து, அந்த இடத்தில் ஒரு சிறு மந்திரம் சொல்லலாம். அதாவது மந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. மார்க்கோ போலோ சொன்ன இருபதில் ஒரு பங்கும் அப்படி ஒரு விலைதான்.

மறுநாள் விதியை மாற்றினேன்: கட்டுப் போட்டால் அந்த முறையில் ஒரு முங்குதான். அன்று வகுப்பில் வாக்குவாதம் தொடங்கியது.

கணக்கு

கடைசி முறைக்கு வந்திருக்கிறோம், படகில் x சிப்பிகள் உள்ளன என்று கொள்வோம். இரண்டு பகடைகளுக்கான 36 விளைவுகளை மாணவர்களே அட்டவணையாக எழுதட்டும்.

இரண்டு முங்கு: 36 விளைவுகளில் 11-இல் ஒரு 1-ஆவது வரும். அவற்றில் படகு காலி. மீதி 25 விளைவுகளின் கூடுதல்களைச் சேர்த்தால் 200. எனவே 36 விளைவுகளுக்கும் மொத்தம் 25x + 200.

கட்டும் ஒரு முங்கும்: ஒரு முங்கின் சராசரி 3.5. எனவே 36 முறைகளுக்கு மொத்தம் 36x + 126.

36x + 126 > 25x + 200 எனில் 11x > 74. அதாவது x, 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் கட்டுப் போடுவது நல்லது. 6 அல்லது அதற்குக் கீழ் எனில் இரண்டு முறை முங்கலாம். x = 6 எனில் 350-க்கு 342; x = 7 எனில் 375-க்கு 378. மேல்நிலை வகுப்பில் வரும் 'கணித எதிர்பார்ப்பு' என்ற சொல்லைச் சொல்லாமலே அதன் பொருள் புரிந்துவிடுகிறது. முந்தைய முறைகளுக்கு இனி வரும் முறைகளையும் சேர்த்து எண்ண வேண்டும். அதை ஆர்வமுள்ள மாணவர்களுக்கு விடலாம்.

கவனிக்க வேண்டியவை

1. "இப்பத்தானே 1 வந்தது, இனி வராது" என்று சொல்லிக்கொண்டு முங்கும் மாணவர் எல்லாக் குழுவிலும் இருப்பார். பகடைக்கு நினைவு கிடையாது என்பதை விளக்க இதுவே தக்க தருணம்.

2. படகில் பத்துச் சிப்பி இருந்தும் இரண்டு முறை முங்கி வென்ற குழு, "கணக்குத் தப்பு" என்று சொல்லும். மறுக்காமல், எல்லாக் குழுக்களின் முடிவுகளையும் கரும்பலகையில் ஒன்றாகக் கூட்டச் சொல்லுங்கள். முயற்சிகள் கூடக் கூட முடிவு கணக்கை நெருங்குவதை அவர்களே காண்பார்கள்.

3. "மந்திரத்துக்கு உண்மையிலேயே சுறா கட்டுப்பட்டதா?" என்று கேட்பார்கள். கேலி வேண்டாம். கட்டுப் போடாத நாள்களின் விவரம் இல்லாமல் ஒப்பிட முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள். 1859-இல் வெளியான எமர்சன் டென்னண்ட்டின் இலங்கை பற்றிய நூலில் ஒரு நிகழ்ச்சி உண்டு. கடல்கட்டி உடல்நலமின்றிப் பதிலாள் ஒருவரை அனுப்பினார். அந்தப் பதிலாளோ, தனக்கு மந்திரம் தெரியாது, தான் வந்திருப்பதே சுறாக்களுக்குப் போதும் என்றாராம். இதை வைத்து வகுப்பில் நல்ல விவாதம் நடத்தலாம்.

அந்த விவாதத்தின்போது, பின் வரிசையில் அதிகம் பேசாத மாணவி ஒருத்தி எழுந்தாள். "எங்க அப்பா சங்கு குளிக்கப் போவாங்க டீச்சர். கட்டெல்லாம் கிடையாது. மாமா காத்துக் குழாயைப் பாத்துக்கிட்டு படகுலயே இருப்பாங்க. அவங்களும் முங்கினா சங்கு கூடக் கிடைக்கும். ஆனா முங்க மாட்டாங்க" என்றாள். சற்று நின்று, "அதுதான் டீச்சர் கட்டு" என்றாள்.

ஒரு முங்கை விட்டுக்கொடுத்து இருப்பதைக் காப்பது. நான் இரண்டு பாடவேளைகளில் சொல்ல முயன்றது இதைத்தான்.

மதிப்பீடு

1. சுறாவுக்கு 1 மட்டுமன்றி 2-உம் உரியது என்று விதியை மாற்றினால், எத்தனை சிப்பிகள் இருக்கும்போது கட்டுப் போடலாம்? (கட்டுப் போட்டிருந்தால் 1-க்கு ஒரு சிப்பியும் 2-க்கு இரண்டு சிப்பிகளும் கிடைக்கும்.)

2. உங்கள் வீட்டிலோ ஊரிலோ நடக்கும் ஒரு தொழிலில், வருமானத்தின் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துப் பாதுகாப்பைப் பெறும் ஒரு வழக்கத்தைக் கேட்டு எழுதி வருக.

இரண்டாம் வினாவுக்கு மதிப்பெண் வைக்க வேண்டாம். மாணவர்கள் எழுதி வருவதை வகுப்பில் வாசிக்கச் செய்தாலே போதும்.