எட்டு வினாடிக்கு ஒரு பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

தொலைபேசிக் கம்பியில் இணைந்த பிரெஞ்சுத் திரைப்பெட்டியான மினிடெல் பற்றிய உங்கள் கட்டுரையை நேற்றிரவு படித்தேன். "ஆமை வேகத்தில் ஊர்ந்த பழைய இணையம்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தொலைபேசிக் கம்பி வழியாக வீட்டுக்கு வந்தது வினாடிக்கு 1200 பிட். எழுத்துக்குப் பத்து பிட் என்றால் வினாடிக்கு 120 எழுத்து. வரிக்கு 40 எழுத்து வீதம் 24 வரி; திரை முழுக்க நிரம்ப எட்டே வினாடி. யாராலும் அத்தனை வேகமாக வாசிக்க முடியாது. வீட்டிலிருந்து திரும்பிப் போனது 75 பிட்தான், அதாவது வினாடிக்கு ஏழெட்டு எழுத்து. ஒற்றை விரலால் தட்டுகிறவருக்கு அது தாராளம். கண்ணுக்கும் கைக்கும் பொருந்திய ஏற்பாடு அது.

எண்பதுகளின் நடுவில் பாரிஸில் அந்தப் பக்கங்களைக் கோப்பதுதான் என் பிழைப்பு. பக்கம் மேலிருந்து கீழாக வர வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. கர்சரை முதலில் பன்னிரண்டாம் வரிக்கு அனுப்பி, ரயில் நேரத்தை எழுதிவிட்டு, அப்புறம் மேலே ஏறித் தலைப்பை வரையலாம். திரையின் அகலத்துக்குக் கோடு போட 40 குறிகளை அனுப்ப வேண்டாம்: ஒரு குறி, 'திரும்பப் போடு' என்னும் கட்டளை, எத்தனை தடவை என்ற எண், அவ்வளவுதான். எட்டு நிறத்தில் வரைந்தாலும் பெரும்பாலான வீடுகளில் அவை சாம்பல் சாயல்களாகத்தான் தெரிந்தன. மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வைத்தால் படிக்கிறவர் பாடு திண்டாட்டம். எதை முதலில் அனுப்புவது என்பதில்தான் எங்கள் கலையே இருந்தது.

எங்கள் முதலாளியோ, பக்கத்துக்குப் பக்கம் பெரிய அலங்காரத் தலைப்புதான் முதலில் வர வேண்டும் என்பார். 3615 என்ற எண்ணில் கிடைத்த சேவைகளுக்கு நிமிடக் கணக்கில் கட்டணம். மணிக்கு ஏறத்தாழ 60 ஃபிராங்க். அதில் பெரும்பங்கு சேவை நடத்துபவருக்குப் போனது. வாசகர் காத்திருந்த ஒவ்வொரு வினாடியும் எங்கள் முதலாளிக்கு வரும்படி. அந்தப் பேராசையின் பழியை நீங்கள் கம்பியின் மேல் போடுகிறீர்கள்.

'இலவச மினிடெல்' என்றும் எழுதாதீர்கள். பெட்டிதான் இலவசம். டைரக்டரிக்கான 11-ஆம் எண்ணில் மட்டும் முதல் மூன்று நிமிடத்துக்குக் காசில்லை. பாரிஸை அடுத்த சார்செல்லில் இருந்த என் அத்தை, புதுச்சேரியிலிருந்து வந்து குடியேறிய சொந்தக்காரர்களின் எண்களையெல்லாம் அந்த மூன்று நிமிடத்துக்குள் தேடிக் குறித்துக்கொண்டு பட்டென்று இணைப்பைத் துண்டித்துவிடுவார். பிரெஞ்சு எழுத்துக்கூட்டல் அவருக்குத் தகராறுதான். ஆனாலும் அந்தப் பெட்டியிடம் அவருக்குப் பயமே இருந்ததில்லை.

அச்சடித்த டைரக்டரிக்குப் பதிலாக அரசாங்கமே பெட்டியைக் கையில் கொடுத்ததால்தான் அது வீடுவீடாகப் போனது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் 60 லட்சத்தைத் தாண்டியது. பிரிட்டனில் சாம் ஃபெடிடா உருவாக்கிய முறையில் பிரெஸ்டெல் என்ற இதேபோன்ற சேவை 1979-லேயே வந்துவிட்டது. ஆனால் அதற்கான கருவியை மக்களே காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டுத் தொலைக்காட்சிதான் திரை. பிள்ளைகள் பந்தாட்டம் பார்க்கும் நேரத்தில் ரயில் நேரம் தேட யார் விடுவார்கள்? சந்தாதாரர்கள் ஒரு லட்சத்தை எட்டவே இல்லை. இந்த வேறுபாட்டை நீங்கள் அரை வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம்.

ஆனால் பிபிசி தொலைக்காட்சியின் எழுத்துச் சேவையான சீஃபாக்ஸ் பற்றிய அந்தப் பத்தி! தொலைக்காட்சிப் படத்தின் பயன்படாத வரிகளில் பக்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுற்றி வருவதையும், எண்ணை அழுத்தியவர் திரை மூலையில் எண்கள் ஓடுவதைப் பார்த்தபடி தன் பக்கம் வரக் காத்திருப்பதையும் இவ்வளவு தெளிவாகத் தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. இரண்டு தடவை படித்தேன். எனக்கே பொறாமையாக இருந்தது. அதில் ஓர் எழுத்தையும் மாற்ற வேண்டாம்.

ஒரே ஒரு வாக்கியம் மட்டும் சேருங்கள்: சீஃபாக்ஸில் பார்ப்பவர் பதில் சொல்ல வழியில்லை, மினிடெல்லில் இருந்தது. அந்த வழியாகத்தான் 1986-இல் பிரெஞ்சு மாணவர்கள் தங்கள் போராட்டச் செய்திகளை ஊருக்கு ஊர் பரிமாறிக்கொண்டார்கள். அடுத்த கட்டுரை அதைப் பற்றி இருக்கட்டும். உங்கள் கைக்கு ஏற்ற விஷயம்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்