ஒருவரின் சேவைக்காலப் பணத்தை வைத்துச் சட்டம் படிப்பது எப்படி?

கொட்டகலைப் பக்கத்திலிருந்து சட்டமாணிப் பட்டத்துக்குப் போகும் மாணவர் கொழும்பில் படித்தாலும் யாழ்ப்பாணத்தில் படித்தாலும் திறந்த பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாலும், ஒப்பந்தச் சட்டம், நிர்வாகச் சட்டம், சான்றுச் சட்டம், தொழிற் சட்டம் என்று பாடங்கள் தனித்தனியாகவே வந்து போகின்றன. பரீட்சை முடிந்ததும் ஒன்றுக்கும் மற்றதற்கும் உள்ள தொடர்பு மனத்தில் நிற்பதில்லை. அவற்றை ஒன்றாகக் கோக்க ஒரு செயற்றிட்டம் வேண்டும். தோட்டத்தில் ஓய்வு பெறும் ஒருவரின் சேவைக்காலப் பணத்தைவிட அதற்குப் பொருத்தமான விடயம் மலையகத்தில் இல்லை என்றே சொல்வேன்.

முதல் வேலை, அந்தத் தொழிலாளியிடம் நோக்கத்தை விளக்கி எழுத்தில் சம்மதம் பெறுவது. ஒப்படையில் பெயரும் தோட்டமும் வரக்கூடாது. அடுத்து, பெயர் பதிந்த கடிதம், சம்பளச் சீட்டுகள், ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு விபரம் ஆகியவற்றைத் திகதி வாரியாக அடுக்க வேண்டும். சீட்டில் தொழிலாளியின் 8 சதவீதம் கழிபட்டிருக்கிறதா, தொழில்கொள்வோரின் 12 சதவீதம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று மாதத்துக்கு மாதம் ஒப்பிட்டாலே, எந்த ஆவணம் எதை நிரூபிக்கும் என்ற கேள்வி எழும். சான்றுச் சட்டத்தின் உயிரே அந்தக் கேள்விதான்.

பிறகு, சேவைக்காலப் பணத்துக்கு அடிப்படையான 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தைக் கையில் எடுக்கலாம். 1984 மார்ச்சில் பெயர் பதிந்து 2024 டிசம்பரில் விலகிய ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்க்கு 14 நாட்சம்பளம் என்று சட்டம் பிரிக்கிறது. இவர் இரண்டாம் வகை. பூர்த்தியான ஆண்டுகளே கணக்கில் சேரும் என்பதால் மிஞ்சிய ஒன்பது மாதங்களை விட்டு, 40 ஆண்டுகள். 2024 செப்டெம்பரில் நிர்ணயமான அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவை 14ஆலும் 40ஆலும் பெருக்கினால் 756,000 ரூபா. கணக்கு முடிந்ததாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் சட்டம் தொடங்குகிறது. துண்டு வேலைக் கூலியும் சம்பளத்தில் அடங்கும் என்கிறது சட்டம். அப்படியானால் ‘பேர்’ எனப்படும் நாளாந்த அளவுக்கு மேல் பறித்த ஒவ்வொரு கிலோவுக்கும் கிடைத்த காசு அதில் சேருமா? 1992இல் நிர்வாகம் கம்பனிகளிடம் கைமாறியதே, அதற்கு முந்திய எட்டு ஆண்டுகளுக்கு யார் பொறுப்பு? இடையில் பெயர் வெட்டப்பட்டு மறுபடி பதியப்பட்டிருந்தால் சேவை அறுந்ததா, தொடர்ந்ததா? ஒவ்வொன்றுக்கும் இரு தரப்பு வாதத்தையும் எழுதி, நண்பர் ஒருவரை எதிர்த்தரப்பில் நிறுத்தி வாதாட வேண்டும். வகுப்பில் நடக்கும் மாதிரி வழக்கைவிட இது கடினம், ஏனென்றால் விடை எங்கும் அச்சிடப்பட்டிருக்காது.

பணம் 30 நாளில் வராவிட்டால் எங்கே போவது என்பது அடுத்த கட்டம். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமென்றால் தொழில் ஆணையாளரிடம் முறையிடலாம். அவர் சான்றிதழ் வழங்கி, நீதவான் நீதிமன்றம் ஊடாகப் பணத்தை அறவிட முடியும். முறைப்பாட்டின் மீது திணைக்களம் என்ன செய்தது என்று 2016ஆம் ஆண்டின் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தொழிலாளியே தமிழில் கேட்கலாம். கோரிக்கையைத் தயாரிக்க மாணவர் துணை நிற்கலாம். தகவலைத் தருவதா மறுப்பதா என்று அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். நிர்வாகச் சட்டப் புத்தகத்தில் படித்த ‘பகிரங்க அதிகாரி’ அந்தப் பதில் கடிதத்தில் கையொப்பத்தோடு வருவார்.

அரைகுறையாகப் படித்தவர் ஏழையின் வழக்கில் கை வைத்தால் கேடுதானே என்பார்கள். நியாயமான அச்சம். ஆகவே மாணவரின் எல்லை ஆவணம், கணக்கு, கேள்விகள் வரைதான். ஆலோசனையும் ஆஜராவதும் சட்டத்தரணிக்கு உரியவை. தோட்டத்துக்குள்ளேயே சுற்றினால் பார்வை குறுகிவிடும் என்பது இன்னொரு மறுப்பு. அதற்கு வரலாறே பதில் சொல்லும். மடுல்கலைத் தோட்டமொன்றுக்குத் தொழில் பழக வந்த வெளிநாட்டவரான பிரேஸ்கேர்டிலை நாடு கடத்த ஆளுநர் இட்ட கட்டளையை 1937இல் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் வாக்குரிமை இழந்த தோட்டத் தமிழரின் வழக்கு, கொடக்கன் பிள்ளை வழக்காக 1953இல் லண்டன் கோமறைக் கழகம் வரை போய்த் தோற்றது. இந்நாட்டு அரசியலமைப்புச் சட்டத்தின் முக்கியமான பக்கங்கள் சில, தோட்டத்தில் எழுதப்பட்டவை. பரீட்சைக்கு நேரம் போதாது என்போருக்கு இந்தியாவின் அனுபவம் பதிலாகும். அங்கே வழக்கறிஞர் பேரவையின் 2008ஆம் ஆண்டு விதிகள் நான்கு செய்முறைப் பாடங்களைக் கட்டாயமாக்கின. இங்கே அப்படி விதி வரும்வரை, ஆய்வுக் கட்டுரைக்கென்று ஒதுக்கிய நேரத்தை இதற்கே கொடுக்கலாம். விரிவுரையாளரிடம் தலைப்பை இரண்டாம் ஆண்டிலேயே சொல்லி வைப்பது நல்லது.

முடிவில் கோப்பை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று பல்கலைக்கழகத்துக்கு. மற்றது அந்தத் தொழிலாளிக்கு: திகதிப் பட்டியலும் கணக்கும் எளிய தமிழில், சட்ட உதவி ஆணைக்குழுவின் சட்டத்தரணி கையில் வாங்கியதும் வேலையைத் தொடங்கக்கூடிய ஒழுங்கில் இருக்க வேண்டும்.